பண்டிகைக் கால மோசடிகளும் நம் வீட்டு மௌனமும்



தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பள்ளிகளின் புலனக் குழுக்களில் எச்சரிக்கைச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். சிவப்பு எழுத்தில் 'ஏமாறாதீர்', அதன் கீழே காவல் துறையின் சின்னம், அதற்கும் கீழே 'பத்துப் பேருக்குப் பகிருங்கள்' என்ற வேண்டுகோள். பண்டிகை முடிந்து ஆண்டிறுதி விடுமுறை வரும் வரையில் இதே செய்திகள் உருமாறி உலா வந்துகொண்டே இருக்கும். இவற்றை அனுப்புவோரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இணைய மோசடிகளில் மலேசியர்கள் இழந்த தொகை ஆண்டுக்கு 100 கோடி வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. இதுவும் காவல் நிலையம் வரை சென்று புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டுமே. வெளியில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டவர்களின் கணக்கு இதில் இல்லை. அவர்கள் ஏன் விழுங்கிக்கொண்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஒருவர் ஏமாந்தார் என்று கேள்விப்பட்டதும் நம்மவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் 'பேராசை'. மற்றொன்று 'படிப்பறிவு இல்லாமை'. இவ்விரண்டும் பெரும்பாலும் பொருந்தா என்பது என் கருத்து. மக்காவ் மோசடி என்று இங்கு பெயர் பெற்றுவிட்ட தொலைபேசி மோசடியைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளைச் சற்றே கவனித்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், தாதியர், அரசாங்க எழுத்தர் என்றுதான் அடிக்கடி வருகிறது. பணிக்கொடையும் சேமநிதியும் கையில் உள்ளவர்கள் இவர்களே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நாம் சொல்லத் தயங்குகிறோம். இவர்கள் வாழ்நாள் முழுவதும் மேலிடத்து ஆணைக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்கள். அரசாங்க அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து நின்று பேசும் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் இருந்தது ஆசையன்று, அச்சம். அச்சம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், ஒழுங்கு என்றே சொல்லலாம்.

அந்த அழைப்பு எப்படி நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பேசுபவர் பொட்டல அஞ்சல் நிறுவனத்தின் ஊழியராகவோ வருமான வரி வாரியத்தின் அலுவலராகவோ அறிமுகமாவார். உங்கள் பெயரில் ஒரு பொட்டலம் பிடிபட்டிருக்கிறது, அதில் பிறருடைய அடையாள அட்டைகள் இருக்கின்றன என்பார். நீங்கள் மறுப்பீர்கள். உடனே அவர் உங்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். 'நீங்கள் குற்றமற்றவர் என்று எனக்குத் தெரிகிறது ஐயா, காவல் துறையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், நானே இணைப்பைத் தருகிறேன்' என்பார். அடுத்து வருபவர் ஒரு 'சார்ஜன்'. எங்கோ தொலைவில் உள்ள மாநிலத்தின் காவல் தலைமையகத்திலிருந்து பேசுவதாகச் சொல்வார். உங்களால் நேரில் போய்ப் பார்க்க முடியாத தொலைவாக அது இருக்கும். பின்னணியில் கம்பியில்லாக் கருவியின் இரைச்சல்கூடக் கேட்கும். கைப்பேசித் திரையில் உண்மையான காவல் நிலையத்தின் எண்ணே தோன்றலாம், ஏனெனில் அழைப்பவரின் எண்ணை மாற்றிக் காட்டும் வழிகள் இருக்கின்றன. பிறகு பணமோசடி வழக்கு, கைது ஆணை, கணக்குகளை முடக்குதல் என்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். கடைசியில், விசாரணை முடியும் வரையில் உங்கள் பணத்தைப் 'பாதுகாப்பான கணக்குக்கு' மாற்றுமாறு பணிப்பார்கள்.

இதில் ஒவ்வோர் அடியும் பொய். காவல் துறை தொலைபேசியில் வாக்குமூலம் வாங்கி வழக்கை முடித்து வைப்பதில்லை. பேங்க் நெகாரா பொதுமக்களுக்குக் கணக்கு வைத்து நடத்தும் வங்கியன்று. விசாரணைக்காகப் பணத்தை இடம் மாற்றச் சொல்லும் நடைமுறை எந்த அரசாங்கத் துறையிலும் இல்லை. இவற்றை எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த உரையாடலில் நான் பெரிதாகக் கருதுவது வேறொரு வாக்கியத்தை. 'இதை யாரிடமும் சொல்லக்கூடாது. கணவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டத்தின்கீழ் உங்களையும் கைது செய்வோம்.' 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் உண்மையிலேயே உள்ளது. அரசாங்க இரகசியங்களைக் காப்பதற்கான சட்டம் அது. ஓர் இல்லத்தரசி தன் கணவரிடம் பேசுவதைத் தடுப்பதற்கு அதில் இடமில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நாக்கு கட்டுண்டுவிடுகிறது. மோசடிக்காரனுக்குப் பணத்தைவிட முதலில் தேவைப்படுவது இந்த மௌனம். அடுத்த அறையில் இருக்கும் மகளிடம் 'இப்படி ஒருவன் பேசுகிறானே' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அவனுடைய இரண்டு மணி நேர உழைப்பு வீணாகிவிடும்.

இனி, பண்டிகைக்கு வருவோம்.

தீபாவளி என்றால் வீட்டைக் கழுவித் துடைப்பது நம் வழக்கம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டில் பரவிய ஒரு மோசடி சரியாக இந்த இடத்தில்தான் கை வைத்தது. முகநூலில் வீட்டுத் துப்புரவுச் சேவைக்கான விளம்பரம் வரும். கட்டணம் நம்பும்படியாகவே இருக்கும், மிகவும் மலிவாக இருக்காது. புலனம்வழி விசாரித்தால் மரியாதையாக மறுமொழி வரும். முன்பதிவு செய்ய ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். அது கூகுளின் செயலிக் கடையில் இருக்காது, உரையாடலிலேயே ஒரு கோப்பாக வரும். அதை நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்கும். பத்து வெள்ளி முன்பணம் கட்டச் சொல்லி உங்கள் வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். நீங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுவீர்கள். 'கோளாறு, மீண்டும் முயலவும்' என்று வரும். அந்நேரம் உங்கள் கணக்கில் வேறொருவர் நுழைந்திருப்பார். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண்ணை அந்தச் செயலியே படித்து அனுப்பிவிடும், உங்கள் கண்ணில்கூடப் படாது.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில கட்டளைகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் கடவெண்ணைப் படிப்படியாகக் கைவிடுதல், ஒருவருக்கு ஒரு கருவியில் மட்டுமே ஒப்புதல் வசதி, புதிதாகப் பதிவு செய்தால் ஒரு காத்திருப்புக் காலம், மோசடிப் புகாருக்கெனத் தனித் தொலைபேசி எண் ஆகியவை அவற்றுள் அடங்கும். இதனால் பாதுகாப்பு கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இப்போது மோசடிக்காரர்கள் கடவெண்ணைத் திருடுவதை விட்டுவிட்டு, உங்கள் விரலாலேயே 'ஒப்புதல்' என்ற பொத்தானை அழுத்த வைக்கிறார்கள். திருமண அழைப்பிதழ் என்று சொல்லிக் கோப்பு வருகிறது. உதவித்தொகைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி இணைப்பு வருகிறது. அரசாங்கம் எந்த உதவியை அறிவித்தாலும், பள்ளி தொடங்கும் காலத்தில் மாணவர்களுக்குத் தரும் 150 வெள்ளியாக இருந்தாலும் ரஹ்மா உதவித்தொகையாக இருந்தாலும், அதன் பெயரைத் தாங்கிய போலி இணைப்பு ஓரிரு நாளில் வந்துவிடுகிறது. பள்ளி உதவிக்காக எந்த ஆசிரியரும் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார். (கேட்டால், தயவு செய்து தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.)

புடவை, சட்டை, பலகாரம் ஆகியவற்றை இணையத்தில் வாங்கும்போது நடக்கும் சிறு மோசடிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அறுபது வெள்ளிக்குப் பட்டுப்புடவை வராது என்று நமக்கே தெரியும். தெரிந்தும் கட்டுகிறோம், வராவிட்டால் 'போகட்டும்' என்று விட்டுவிடுகிறோம். இந்தப் 'போகட்டும்' என்பதை நம்பித்தான் அத்தொழிலே நடக்கிறது. நூறு பேர் அறுபது வெள்ளி இழந்தால் அது ஆறாயிரம் வெள்ளி, ஆனால் புகார் ஒன்றுகூட இருக்காது. விடுமுறை வீடுகளுக்கும் இதே கதைதான். கேமரன் மலைக்கும் போர்ட்டிக்சனுக்கும் பள்ளி விடுமுறையில் இடம் கிடைப்பது அரிது என்ற அவசரத்தில், யாரோ எடுத்த படங்களைப் பார்த்து யாருடைய தனிப்பட்ட கணக்குக்கோ முன்பணம் அனுப்பிவிடுகிறோம். பயண நிறுவனமாக இருந்தால் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும், அதைச் சரிபார்க்கலாம். உண்மையான வணிகர் ஒருவர் சொன்னபடி செய்யாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கு வழக்கறிஞர் இல்லாமலேயே முன்வைக்கலாம். ஆனால் முகமே இல்லாத வணிகரைத் தீர்ப்பாயம் எங்கே தேடும்?

பணம் அனுப்புமுன் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்றுண்டு. காவல் துறையின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை 'செமாக் மியூல்' என்ற தளத்தை நடத்துகிறது. வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ அதில் தட்டினால், அதன்மீது புகார்கள் உள்ளனவா என்று காட்டும். அரை நிமிட வேலை. ஆனால் புகார் இல்லை என்று காட்டினால் அந்தக் கணக்கு நல்ல கணக்கு என்று பொருளன்று. இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

நம் சமூகத்துக்கே உரிய இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 'கூட்டு' பிடிப்பது. தோட்டப்புறக் காலத்திலிருந்தே இது நம் பெண்களின் வங்கி. மாதம் நூறு, இருநூறு என்று கட்டி, தீபாவளிக்கு நகையோ துணிமணியோ வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறோம். இருபது பேர் முகம் பார்த்துப் பழகிய காலத்தில் அது பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது. அப்போதும் தலைவி ஓடிப்போன கதைகள் உண்டு. 1971ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவது இந்நாட்டில் குற்றம். இன்று இந்தக் கூட்டு, புலனத்துக்குள் புகுந்திருக்கிறது. தலைவி யாரென்று யாரும் பார்த்ததில்லை. முதல் இரண்டு மாதம் சிலருக்குப் பணம் வரும், அவர்கள் நன்றி சொல்லும் படங்கள் குழுவில் போடப்படும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குழு காணாமற்போகும். இழந்த பெண்மணி காவல் நிலையம் போகத் தயங்குகிறார், சட்டத்துக்குப் புறம்பான ஒன்றில் சேர்ந்ததற்குத் தன்னையே பிடித்துக்கொள்வார்களோ என்று. அதைவிடக் கணவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை. நான் மேலே சொன்ன மௌனம் இங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது, மோசடிக்காரன் எந்தச் சட்டத்தின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்டது. அதன் எண் 997. காவல் துறை, பேங்க் நெகாரா, தொடர்புத் துறை ஆணையம், வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் ஆகியவற்றை ஒருங்கிணைத்துச் செயல்படுவது இது. பணம் போன கணக்கை உடனே தேடி, அது அடுத்த கணக்குக்கு மாறுமுன் தடுத்து நிறுத்துவதே இதன் வேலை. மோசடிக்காரர்கள் ஒரு கணக்கில் பணத்தை வைத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் இரண்டாவது, மூன்றாவது கணக்கு என்று சிதறடித்து, தானியங்கி இயந்திரத்தில் ரொக்கமாக எடுத்துவிடுகிறார்கள். ஆகவே அரைமணி நேரத்தில் அழைப்பவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, அடுத்த நாள் அழைப்பவருக்கு அது மிகவும் குறைவு, ஒரு வாரம் கழித்துச் சொல்பவருக்குப் புகார்ப் படிவம்தான் மிச்சம். முதலில் வங்கியின் மோசடிப் புகார் எண்ணையோ 997ஐயோ அழைக்க வேண்டும், அதன் பிறகு காவல் நிலையம். ஐயத்துக்குரிய செயலியை நிறுவிவிட்டால் கைப்பேசியின் இணையத் தொடர்பை உடனே துண்டித்துவிட்டு வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும். உரையாடல்களை வெட்கப்பட்டு அழித்துவிடக் கூடாது, அவைதாம் சான்று. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டு வந்தால் அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவரே. ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன.

அந்த முதல் அரைமணி நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஏமாந்த பெண் அழுதுகொண்டு குளியலறையில் நிற்கிறார். சொன்னால் கணவர் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். 'உன்னை யார் எடுக்கச் சொன்னது? உனக்கு எதற்குக் கைப்பேசி?' ஏமாந்தவர் கணவராக இருந்தால் இன்னும் மோசம், அவர் யாரிடமும் சொல்லவே மாட்டார். தாத்தாவாக இருந்தால் மகன் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வான் என்ற பயம். ஒவ்வொருவரும் எப்படியாவது தாமே சரிசெய்துவிடலாம் என்று இரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பணம் மூன்று கணக்கு தாண்டிப் போய்விடுகிறது. திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் 997ஐ அழைத்த பிறகு திட்டுங்கள் என்பதே பெற்றோர்களிடம் என் வேண்டுகோள்.

இதுவரை பணத்தை இழப்பவர்களைப் பற்றிப் பேசினோம். ஆசிரியன் என்ற முறையில் என்னை அதைவிடவும் உறுத்துவது, நம் பிள்ளைகள் இந்த மோசடியின் மறுபக்கத்தில் நிற்பதுதான்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்தது இது. அந்தப் பையன் நம் தமிழ்ப்பள்ளி ஒன்றில் படித்தவன். எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு விடுமுறையில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். நண்பனின் அண்ணன் ஒருவன் வந்து, இணையத்தில் துணி விற்கத் தனிக் கணக்கு வேண்டும், உன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடு, முந்நூறு வெள்ளி தருகிறேன் என்றிருக்கிறான். பையன் கொடுத்துவிட்டான். அவன் கணக்கில் அப்போது இருந்தது பதினேழு வெள்ளியோ என்னவோ, இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தானாம். சில வாரங்கள் கழித்து, அவன் வாழ்நாளில் கால் வைத்திராத ஊரிலிருந்து காவல் துறையினர் அழைத்தார்கள். இந்த அழைப்பு உண்மையானது. அங்கே ஒரு மூதாட்டியின் சேமிப்பு அவனுடைய கணக்கின் வழியாகப் போயிருந்தது. கணக்கு முடக்கப்பட்டது. கடையில் வாங்கிய சம்பளமும் அதற்குள் சிக்கிக்கொண்டது. மேற்படிப்புக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில் அவனும் அவன் தாயும் காவல் நிலையத்துக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் அலைந்தார்கள். 'சார், அவன் ஒரு காசுகூடத் திருடவில்லையே' என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த மூதாட்டியின் பணம் போன வழி அவனுடைய பெயரில்தான் திறந்திருந்தது.

இவ்வாறு இரவல் தரப்படும் கணக்கைக் 'கழுதைக் கணக்கு' என்று இங்கு அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், சட்டத்தில் சிரிப்புக்கு இடமில்லை. முன்பு இத்தகையோர்மீது தண்டனைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு, ஏமாற்றுக் குற்றத்துக்கான 420ஆம் பிரிவு ஆகியவற்றின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள். 420ஆம் பிரிவில் குற்றம் உறுதியானால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அதனுடன் அபராதமும் விதிக்க இடமுண்டு. 2024ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, கழுதைக் கணக்குகளுக்கென்றே 424அ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தன் கணக்கையோ அட்டையையோ முறையற்ற வகையில் பிறர் கையில் கொடுப்பதும், பிறருடையதைத் தன்வசம் வைத்திருப்பதும் இப்போது தனிக் குற்றங்கள். 'எனக்குத் தெரியாது, நண்பன் கேட்டான், கொடுத்தேன்' என்பது இனி எளிதில் எடுபடாது.

இதை எத்தனை பெற்றோர் அறிவர்? நம் வீடுகளில் பிள்ளைக்குச் சொல்லும் எச்சரிக்கை 'யாரிடமும் கடன் வாங்காதே', 'குண்டர் கும்பலில் சேராதே' என்பதோடு முடிந்துவிடுகிறது. கணக்கை இரவல் கொடுப்பது மிதிவண்டியை இரவல் கொடுப்பதைப் போன்றதன்று என்று யாரும் சொல்வதில்லை. பெற்றோரே சிலர் உறவினருக்காகத் தங்கள் அட்டையைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். வட்டி முதலைகள் கடனுக்கு ஈடாக வங்கி அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அந்த அட்டை வழியாக என்ன போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. விடுமுறை வேலை என்ற பெயரில் வருவனவற்றுள் கொடியது ஒன்றும் உண்டு. 'வெளிநாட்டில் வாடிக்கையாளர் சேவை, மாதம் பல ஆயிரம் வெள்ளி, அனுபவம் தேவையில்லை' என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்ற மலேசிய இளைஞர்கள் பலர், அங்கே மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டுப் பிறரை ஏமாற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டதை 2022ஆம் ஆண்டில் நாடே பார்த்தது. தொலைபேசியில் நம்மை மிரட்டும் குரல்களில் சில, அடி வாங்கிக்கொண்டு பேசும் பிள்ளைகளின் குரல்களாகவும் இருக்கலாம். இதை எண்ணும்போது எனக்குக் கோபம்கூட முழுமையாக வருவதில்லை.

சரி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நாம் இதில் என்ன செய்ய முடியும்? நம் மாணவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லையே என்று சிலர் கேட்கலாம். ஆனால் பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டியின் கைப்பேசிக்கு வரும் மலாய்ச் செய்திகளைப் படித்துச் சொல்வது நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைதான். அந்தப் பிள்ளையே அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர். பாட்டி எதை அழுத்த வேண்டும் என்று காட்டுவதும் அதே விரல்தான். ஆகவே இப்பாடத்தைக் கேட்க வேண்டிய முதல் மாணவர் அவரே.

ஆனால் இங்கே நமக்கு ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, கேட்டதற்கு மறுமொழி சொல், சொன்னதைச் செய் என்று ஆறு ஆண்டுகள் கற்பிக்கிறோம். நன்னெறிப் பாடத்தில் அதற்குப் புள்ளியும் தருகிறோம். அதைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனோடு சேர்த்து, முகம் தெரியாதவர் மிரட்டினால் பாதிப் பேச்சில் தொலைபேசியை வைத்துவிடலாம், அது மரியாதைக் குறைவன்று என்பதையும் கற்பிக்க வேண்டும். வகுப்பில் இதை நடித்துப் பார்க்கலாம். ஒரு மாணவர் 'அதிகாரி'யாகப் பேசட்டும், மற்றவர் 'நான் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று வைத்துவிடட்டும். இரண்டாம் ஆண்டு வகுப்பில் நான் இதைச் செய்து பார்த்தேன். அதிகாரியாக நடிக்கப் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். தொலைபேசியை வைக்கும் வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. 'சார், போலிஸ் பேசும்போது எப்படி சார் வைக்கிறது?' என்று ஒரு மாணவி கேட்டாள். ஏழெட்டு அகவையிலேயே அந்த அச்சம் முழுமையாக வளர்ந்து நிற்கிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து, செயலவையைத் தேர்ந்தெடுத்து, பொட்டலச் சோறு கொடுத்து முடித்துவிடுகிறோம். அதில் ஒரு பதினைந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். காவல் துறையிலிருந்து அதிகாரியை அழைத்துப் படங்காட்டச் சொல்வது வழக்கம், அது நடக்கட்டும். ஆனால் அவரைவிட, பணத்தை இழந்த நம் பெற்றோர் ஒருவரே எழுந்து, எந்த நிமிடத்தில் எதை நம்பினேன், பிறகு யாரிடம் சொன்னேன், ஏன் இரண்டு நாள் சொல்லவில்லை என்று பேசினால், அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் குறைந்தது இன்னும் நால்வருக்குத் தங்கள் கதையைச் சொல்லத் துணிவு வரும். பள்ளிதோறும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நமக்குத் தெரியாது, அவ்வளவே. பையனின் கணக்கு முடங்கிப்போன அந்தத் தாயிடம், வரும் கூட்டத்தில் பேச இயலுமா என்று கேட்டிருக்கிறேன். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.